ஆமைப்பூட்டில் கிரீடம் இருந்தால் அரசாங்கத்துப் பூட்டா?

கேள்வி: திருகோணமலைச் சீனக்குடாவில் எங்கள் வளவைத் துப்புரவாக்கும்போது, வெளிநாட்டிலிருந்து வந்த மருமகனின் மெட்டல் டிடெக்டர் ஒலித்தது. அரை அடி ஆழத்தில் பித்தளை ஆமைப்பூட்டு ஒன்று கிடைத்தது, திறப்பு இல்லை. கிரீடமும் ‘ஜீ.ஆர்.’ என்ற ஆங்கில எழுத்துகளும், அவற்றின் கீழே ‘6 லீவர்ஸ்’ என்றும் தெரிகின்றன. ஒல்லாந்தர் காலத்துப் பூட்டு என்கிறார் அயலவர். உண்மையா?

பதில்: இல்லை. திருகோணமலைக் கோட்டை 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. ‘ஜீ.ஆர்.’ என்பது ‘ஜோர்ஜியஸ் ரெக்ஸ்’, அதாவது இலத்தீனில் ஜோர்ஜ் மன்னர். எந்த ஜோர்ஜ் என்பதில்தான் சிக்கல். ஆங்கிலேயர் இங்கு வந்த பிறகு அந்தப் பெயரில் நால்வர் ஆண்டார்கள். மூன்றாமவரும் நான்காமவரும் 1830உடன் முடிந்தார்கள்; ஐந்தாமவர் 1910 முதல் 1936 வரை, ஆறாமவர் 1952 வரை.

இங்கே கிரீடத்தைவிட ‘6 லீவர்ஸ்’ என்ற வரியை நம்புங்கள். லீவர் என்பது பூட்டுக்குள் அடுக்கியிருக்கும் மெல்லிய தகடு. சரியான திறப்பு எல்லாத் தகடுகளையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு விடும். இந்த நுட்பம் 1778இலேயே காப்புரிமை பெற்றது. ஆனால் தகடுகளின் எண்ணிக்கையையே விளம்பரமாகப் பொறித்து மலிவாக விற்றது, ஆலைகள் பெருகிய பிற்காலத்து வழக்கம். ஆகவே உங்களுடையது ஐந்தாம் அல்லது ஆறாம் ஜோர்ஜ் காலத்தது. இரு எழுத்துகளுக்கு நடுவே ரோமன் ஆறு தெரிந்தால் 1936க்குப் பிந்தியது. தெரியாவிட்டால் ஐந்தாமவருக்கே வாய்ப்பு அதிகம்.

கிரீடத்தைக் கண்டதும் கடற்படைப் பூட்டு என்று முடிவு கட்டாதீர்கள். இங்கிலாந்தின் வில்லன்ஹால் நகரத்துப் பூட்டுக்காரர்கள் சந்தைக்கு அனுப்பிய சாதாரணப் பூட்டிலும் கிரீடம் குத்தினார்கள். அரசாங்கச் சொத்துக்கு அடையாளம் காக்கைக்கால் போன்ற அம்புக்குறி. அதைப் பின்புறத்திலும், வளையத்தின் பக்கவாட்டிலும், துவாரத்தை மூடும் சிறு தகட்டின் அடியிலும் தேடுங்கள். உற்பத்தியாளர் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். வடிவப் பதிவு எண் (பிரித்தானியாவில் ஒரு பொருளின் வடிவமைப்பைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்) இருந்தால் அதிர்ஷ்டம்: அந்த வரிசை 1884இல் ஒன்றிலிருந்து தொடங்கியதால், எண்ணை வைத்துப் பதிவான ஆண்டைப் பிடித்துவிடலாம். பூட்டு அதற்கு முந்தியதாக இருக்காது.

செய்யப்பட்ட ஆண்டு வேறு, மண்ணுக்குள் போன ஆண்டு வேறு. பிரித்தானியக் கடற்படை 1957 வரை இங்கே இருந்தது. பழைய பூட்டை யாரோ பிற்காலத்திலும் தவறவிட்டிருக்கலாம்.

பழப்புளி போட்டுத் தேய்க்க வீட்டில் ஒருவர் கட்டாயம் வருவார். விடாதீர்கள். தேய்ந்த எழுத்து திரும்பி வராது. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பல் தூரிகையால் மண்ணை எடுத்து, நிழலில் உலர்த்துங்கள். பிறகு இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், நேரே பார்க்கும்போது தெரியாத எழுத்தும் நிழலோடு எழும். வளையத்தை நெம்பித் திறக்க வேண்டாம்.

மருமகனுக்கு ஒன்று சொல்லுங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, அனுமதியின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள்களையே அது தொல்பொருள் என்கிறது. உங்கள் பூட்டு தப்பியது, அடுத்த ஒலி தப்பும் என்று சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய கவலை எனக்கு வேறு. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் குண்டு போட்ட இடம் இது. பிந்திய போரும் இந்த மாவட்டத்தைத் தொட்டுப்போனது. கருவிக்குப் பூட்டும் குண்டும் ஒரே ஒலிதான். உருளையாக, கூம்பாக ஏதாவது தெரிந்தால் கைவைக்காமல் விலகிப் பொலிஸுக்கு அறிவியுங்கள்.