கூரையில கொட்டுற கரண்ட்ட ஏன் வேணாங்கிறாங்க? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: சார், என் அக்காவ கட்டிக்கொடுத்தது வவுனியாவுல. அவங்க வீட்டுக் கூரையில சோலார் போட்டிருக்காங்க. 2025 சித்திரைப் புத்தாண்டு லீவுல பகல் 3 மணி வரைக்கும் வீட்டு சோலார ஆஃப் பண்ணி வைங்கன்னு இலங்கை மின்சார சபை கேட்டுச்சுன்னு படிச்சேன். 2022ல ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் கரண்ட் இல்லாம கிடந்த நாடு, வீட்டுக்கு வீடு வர்ற கரண்ட்ட வேணாங்கலாமா?
வாசகி, ராமநாதபுரம்

பதில்: உங்க கோபம் நியாயம்தாம்மா. ஆனா அவங்க வேணாங்கிறது மத்தியான கரண்ட்ட, சாயங்காலம் அதே கரண்டுக்கு அவங்களே தவிக்கிறாங்க. தண்ணி மாதிரி குடத்துல பிடிச்சு வைக்கிற பொருள் இல்ல இது, அந்தந்த நொடியில எவ்ளோ செலவாகுதோ அவ்ளோதான் தயாராகணும், கூடினாலும் வம்பு குறைஞ்சாலும் வம்பு. புத்தாண்டு லீவுல ஃபாக்டரி ஆபீஸ் எல்லாம் பூட்டிக் கிடக்கும், வெயில் மட்டும் லீவு போடாது, லட்சக்கணக்கான பேனல்ல இருந்து கரண்ட் கொட்டிக்கிட்டே இருக்கும், கூரை மேல இருக்கிறத கண்ட்ரோல் ரூம்ல உக்காந்து குறைக்க முடியாதுங்கிறதாலதான் ஜனங்கள கெஞ்ச வேண்டி வந்துச்சு.

அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, பிப்ரவரி 9 ஞாயித்துக்கிழமை, பாணந்துறை சப்ஸ்டேஷன்ல ஒரு குரங்கு டிரான்ஸ்ஃபார்மர்ல பட்டு நாடு முழுக்க இருட்டாச்சு. எல்லாரும் குரங்கப் பத்தியே பேசினாங்க, எனக்கு அதுல மனசு ஆறல. வீட்ல கிரைண்டர ஆஃப் பண்ணிப் பாருங்க, கல்லு டக்குனு நிக்காது, கனம் இருக்கிறதால நாலு சுத்து சுத்திட்டுதான் நிக்கும். அணையிலயும் அனல் மின் நிலையத்துலயும் சுத்துற பெரிய டர்பைனும் அப்படித்தான், லைன்ல ஒரு அடி விழுந்தா அந்த வேகம் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும். சோலார்ல சுத்துற கல்லே கிடையாது. ஞாயித்துக்கிழமை பகல்ல டர்பைன் கம்மியா ஓடும், சோலார் ஜாஸ்தியா இருக்கும், அதான் ஒரு அடியிலயே சாஞ்சிருச்சு. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்துல மூணு யூனிட்டும் நின்னு போச்சு, 900 மெகாவாட், திரும்ப ஓட வைக்க நாள்கணக்காகும், அதனால அடுத்தடுத்த நாளும் கரண்ட் கட்.

இதுக்காக சோலார குத்தம் சொல்றவங்க பேச்ச நான் ஏத்துக்கவே மாட்டேன். பேனல் போடச் சொல்லி ஜனங்கள உற்சாகப்படுத்தினவங்க, பகல் வெளிச்சத்த ராத்திரிக்குச் சேத்து வைக்கிற பேட்டரிய கூடவே போட்டிருக்கணும். மஹா ஓயாவுல 600 மெகாவாட்டுக்கு ஒரு திட்டம் பேசிட்டே இருக்காங்க, மிச்சக் கரண்ட்ட வச்சு தண்ணிய மேல இருக்கிற அணைக்கு ஏத்தி, சாயங்காலம் கீழ விட்டு டர்பைன சுத்த விடுறது. 2030க்குள்ள 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம்னு இலக்கு வச்ச நாடு இத எல்லாத்துக்கும் முன்னாடி கட்டி முடிச்சிருக்க வேணாமா?

கேள்வி: இலங்கை முன்னாடி முழுக்க தண்ணி கரண்ட்லதானே ஓடுச்சு, நிலக்கரிக்கு ஏன் போனாங்க?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: மழைய நம்பினதால. விமலசுரேந்திரங்கிற இன்ஜினியர் 1918லயே மலையகத்து அருவியில கரண்ட் எடுக்கலாம்னு சொன்னார், லக்சபான நீர் மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது 1950ல. அப்புறம் மகாவலி அணைங்க. 90கள் நடு வரைக்கும் கிட்டத்தட்ட எல்லாமே தண்ணிதான், 1996ல மழை பொய்ச்சதும் நாடே இருட்டுல உக்காந்துச்சு. அந்த பயத்துல டீசல், 2011ல நுரைச்சோலை. ஆனா நிலக்கரியும் எண்ணெயும் டாலர்ல வாங்கணும், 2022ல அந்த டாலரே இல்லாமத்தான் 13 மணி நேரம் இருட்டு.

காத்துக்கு மன்னார் இருக்கு, அங்க தம்பபவனிங்கிற காற்றாலைப் பண்ணையில 30 காற்றாலை 100 மெகாவாட் சொச்சம். ஆனா அது வலசைப் பறவை வர்ற தீவு, அங்க இருக்கிற ஜனங்களும் இனி வேணாம்னு தெருவுல இறங்கிட்டாங்க, அவங்க பேச்சக் கேக்காம ஒரு டவர் கூட நடக்கூடாதுங்கிறதுதான் என் கட்சி.

கேள்வி: எங்கயாவது பேட்டரியோட சேத்து செய்றாங்களா?
அதே வாசகர்

பதில்: யாழ்ப்பாணத்துப் பக்கம் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. டீசல் ஜெனரேட்டர நம்பி இருந்த தீவுங்க. இந்தியா கொடுக்கிற பணத்துல 2024 மார்ச்ல ஒப்பந்தம் போட்டாங்க, மூணுக்கும் சேத்து 1700 கிலோவாட் சோலார், 530 கிலோவாட் காத்தாலை, கூடவே 2400 யூனிட் பிடிக்கிற பேட்டரி, டீசல் அவசரத்துக்கு மட்டும்.