கொம்புச்சா ஏட்டில் கவர் செய்யலாமா?

கேள்வி: வியாசர்பாடியில் வீட்டிலேயே கொம்புச்சா என்ற புளிக்கவைத்த தேநீர் தயாரித்து, பக்கத்து ஜிம்களுக்கும் இரண்டு ஆர்கானிக் கடைகளுக்கும் கொடுத்து வருகிறோம். ஜாடியின் மேலே படியும் ஏடு வாரத்துக்குப் பத்து கிலோ வரை மிஞ்சுகிறது. குப்பையில் போடுகிறோம், சில நாள் கழிவறையிலும் போட்டிருக்கிறோம். இதைப் பிளாஸ்டிக் கவர் மாதிரி ஆக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையிலேயே முடியுமா? இட்லி மாவு கட்டி விற்க உதவுமா? — ஒரு வாசகி

பதில்: முடியும் சகோதரி. ஆனால் இட்லி மாவுக்கு ஆகாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில், கழிவறையில் போடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இந்த ஏடு தண்ணீரில் கரையவே கரையாது. குழாய் வளைவில் ஊறிய துணி போலப் போய் உட்கார்ந்துகொள்ளும். நம் பக்கத்துச் சாக்கடை அடைப்பை எடுக்க வருபவர்களும் மனிதர்கள்தான்.

ஏடு எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஜாடிக்குள் ஈஸ்டும் பாக்டீரியாவும் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. நீங்கள் போடும் சர்க்கரையை ஈஸ்ட் உடைத்து, அதில் ஒரு பகுதியை ஆல்கஹாலாக மாற்றுகிறது. பாக்டீரியா அந்த ஆல்கஹாலைப் புளிப்பாக்கிவிட்டு, குளுக்கோஸை இழை இழையாக நூற்றுத் தள்ளுகிறது. அதற்குக் காற்று வேண்டும் என்பதால் மேல்மட்டத்திலேயே நெய்கிறது. அதுதான் ஏடு. பருத்தியில் இருக்கும் அதே செல்லுலோஸ்தான் இதுவும், ஆனால் இழை பருத்தியைவிட நூறு மடங்குக்கும் மேல் மெல்லியது. மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னின் போல மரக்கூழில் கலந்திருப்பவை இதில் கிடையாது. 1886-லேயே ஏ. ஜே. பிரவுன் என்ற ஆங்கில வேதியியலாளர் இந்த ஏடு செல்லுலோஸ்தான் என்று எழுதிவிட்டார். பிலிப்பைன்ஸில் தேங்காய்த் தண்ணீரில் இதே ஏட்டை வளர்த்துத் துண்டு போட்டுச் சாப்பிடுகிறார்கள். ஆகவே உங்கள் கையில் இருப்பது நல்ல மூலப்பொருள். அதைக் கழிவு என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

இப்போது கணக்கு. ஈர ஏட்டில் 95 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஒரு கிலோ ஏட்டைச் சுத்தம் செய்து காயவைத்தால் 20 முதல் 25 கிராம் செல்லுலோஸ் தேறும். அதில் அரை சதுர மீட்டர் மெல்லிய தாள் வரும். உங்கள் பத்து கிலோவுக்கு வாரம் ஐந்து சதுர மீட்டர். ஒரு சோப்புக் கட்டியைச் சுற்ற 15-க்கு 20 சென்டிமீட்டர் தாள் போதும் என்று வைத்தால், ஓரம் வெட்டியதுபோக 150 உறை கிடைக்கும். கவர் தொழிலுக்கு இது காணாது. கையால் செய்த சோப்பு, விதைப் பொட்டலம், துணிக்கடை விலைச்சீட்டு, விளக்கு உறை என்றால் தாராளம்.

செய்முறை. பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை படிந்த ஏட்டை முதலிலேயே கழித்துவிடுங்கள். மற்றதை அலசி, லிட்டருக்கு 20 கிராம் காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரில் மூழ்க விட்டு, கொதி வராத சூட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். பாக்டீரியாவும் தேயிலைக் கறையும் அப்போதுதான் வெளியேறும். அடுப்பில் வைத்த சிறிது நேரத்திலேயே தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிடும், ஏடு வெளுத்து நுங்கு போலக் கண்ணாடித்தனம் காட்டும். கறை போகவில்லை என்றால் இன்னொரு முறை. அப்புறம் நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி, புளிப்பா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பி.எச். தாளில், இரண்டும் இல்லாத 7 காட்டும்வரை அலச வேண்டும். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இந்த அலசலில்தான். சோடாவின் காரம் மிச்சமிருந்தால் தாள் மஞ்சளாகும், மேலே உப்புப் பூக்கும்.

காஸ்டிக் சோடா விளையாட்டுப் பொருள் இல்லை. எவர்சில்வர் பாத்திரம் மட்டும்தான் ஆகும். அலுமினியத்தில் ஊற்றினால் பாத்திரம் அரிக்கப்பட்டு, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ரப்பர் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சலவைச் சோடாவிலேயே செய்யுங்கள். அவ்வளவு வெண்மை வராது, ஆனால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். வெளுப்பதற்குப் பிளீச்சிங் பவுடரை எடுக்கவே எடுக்காதீர்கள். புளிப்பு மிச்சமிருக்கும் ஏட்டில் அது பட்டால் குளோரின் வாயு வரும். வடித்த காரத் தண்ணீரையும் அப்படியே சாக்கடையில் கொட்ட வேண்டாம். விற்க முடியாமல் புளித்துப்போன கொம்புச்சா உங்களிடம் எப்போதும் இருக்குமே, காரத் தண்ணீர் நன்றாக ஆறியதும் அந்தக் கொம்புச்சாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து பி.எச். 7 பக்கம் கொண்டுவந்து விடுங்கள். நினைப்பதைவிட அதிகம் தேவைப்படும், ஆனால் செலவு கிடையாது.

ஜாடி ஏடுகள் வட்டமாகவும் மேடுபள்ளமாகவும் இருப்பதால் அரைத்து ஊற்றுவதுதான் சரி. துண்டு போட்டு, சம அளவு தண்ணீர் விட்டு, கட்டி இல்லாமல் மிக்ஸியில் அடியுங்கள். ஒரு கிலோவுக்கு ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகக் கிளிசரின் போதும். இது பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். கிளிசரின் இல்லையென்றால் தாள் அப்பளம் போல நொறுங்கும். ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள், ஆகவே நம் கடலோரக் காற்றில் கொஞ்சம் கூடினாலும் தாள் பிசுபிசுக்கும். நுரை அடங்கியதும் வழவழப்பான பிளாஸ்டிக் தட்டிலோ சிலிக்கான் விரிப்பிலோ அரை சென்டிமீட்டருக்கு மிகாமல் ஊற்றுங்கள். கண்ணாடியில் ஊற்றினால் பிடித்துக்கொண்டு உரிக்க வராது.

மொட்டைமாடியில் வடாம் மாதிரி காயவைக்கத் தோன்றும். நான் முதன்முதலில் ராயபுரத்தில் ஒரு மாடியில் அப்படித்தான் செய்தேன். மதியத்துக்குள் தாளின் மேல் நெருநெருவென்று கரிய தூசு. வெயில் பட்ட ஓரம் மட்டும் சுருண்டு எழுந்து, நடுவில் ஈரம் அப்படியே நின்றது. அறைக்குள், கொசுவலைக்கு அடியில், மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் காயட்டும். தட்டை லேசாக வளைத்தால் ஓரம் தானாகப் பிரிய வேண்டும், அதுதான் பதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். கழுவிய ஏட்டைப் புதுத் தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மழை விட்ட பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது இட்லி மாவுக்கு வருவோம். செல்லுலோஸ் தண்ணீரை விரும்பும் பொருள். உலர்ந்த தாள் உறுதியானது, ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும், ஆனால் ஈரம் பட்டால் ஊறி மெத்தென்று ஆகிவிடும். மாவை அதில் கட்டினால் வீடு போய்ச் சேருவதற்குள் கசியும். தேன்மெழுகு பூசினால் ஈரத்தைக் கொஞ்ச நேரம் தாங்கும், மாவைத் தாங்காது. காசிமேட்டு இறால் ஓட்டிலிருந்து எடுக்கக்கூடிய கைட்டோசானைக் கலந்தால் பூஞ்சை குறையும். எனக்கு மிகவும் பிடித்த கலவை அது. ஆனால் சைவம் சாப்பிடுபவர்களுக்கும் இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் தெரியும்படி அதை உறையில் எழுதியே ஆக வேண்டும்.

உணவைத் தொடும் எந்த உறையும் 2018-இன் உணவுப் பாதுகாப்புப் பேக்கேஜிங் விதிகளுக்குள் வரும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால், ‘மக்கும் பை’ என்று அச்சடித்தால் நன்றாக விற்குமே என்று தோன்றும். அந்தச் சொல்லைப் போட்டுப் பை விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் கேட்பார்கள். தொழில் அந்த அளவுக்கு வளர்ந்தால் சோதனைக்குக் கிண்டியில் சிப்பெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. இப்போதைக்கு ஒரு துண்டைப் பூந்தொட்டி மண்ணில் புதைத்து வாரம் ஒருமுறை தோண்டிப் பாருங்கள். வாங்க வருபவருக்கு அந்தத் தொட்டியையே காட்டலாம்.

முதல் மாதம் வாரம் ஒரு கிலோவில் மட்டும் செய்யுங்கள், மீதி ஒன்பது கிலோவை நறுக்கி உரக்குழியில் போடுங்கள். ஒரு தாளைச் சமையலறையில் மூடாமல் ஒரு நாள் தொங்கவிட்டு, மறுநாள் மடித்துப் பாருங்கள். ஒட்டினால் அடுத்த முறை கிளிசரினைக் குறையுங்கள், உடைந்தால் கூட்டுங்கள். அப்புறம் இன்னொன்று: காரத்தில் போட்ட ஏடு செத்துவிடும், அதிலிருந்து மறுபடி கொம்புச்சா வராது. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே நல்ல ஏடு இரண்டை எடுத்து, பழைய புளிப்புத் தண்ணீரோடு தனி ஜாடியில் போட்டுத் துணி கட்டி வைத்துவிடுங்கள்.