படுக்கை இல்லாத மருத்துவமனையில் முதலீடு செய்யலாமா?

கேள்வி: முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட என் தங்கை அன்று மாலையே வீடு திரும்பிவிட்டார். முன்பு என் தாயாருக்கு இதே சிகிச்சை நடந்தபோது ஒரு வாரம் மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தது. இனி மருத்துவமனைப் பங்குகளை விற்றுவிட்டு, பகல்நேர அறுவை மையங்களை நடத்தும் நிறுவனங்களின் பங்குகளை வாங்குவதுதான் புத்திசாலித்தனமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: உங்கள் வீட்டிலேயே நீங்கள் கண்ட மாற்றம் உண்மையானது, ஆனால் அது நேற்று தொடங்கியதன்று. கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிக்கல் என்ற அறுவை மருத்துவர், குழந்தைகளுக்கு வெளிநோயாளிப் பிரிவிலேயே செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பிய 8,988 அறுவைகளைப் பற்றி 1909-இலேயே அறிக்கை அளித்தார். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் மருத்துவமனையோடு ஒட்டாமல் தனித்து இயங்கிய அறுவை மையத்தை 1970-இல் தொடங்கிய வாலஸ் ரீட், ஜான் ஃபோர்டு இருவருமே மயக்கவியல் மருத்துவர்கள். இந்த வரலாற்றில் மயக்கவியலாளர்களுக்கு உரிய இடம் தரப்படுவதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஏனெனில் நோயாளி அன்றே எழுந்து வீட்டுக்கு நடக்க முடிவதற்குச் சிறு துளை வழியே செய்யும் அறுவை எவ்வளவு காரணமோ, 1980-களின் பிற்பகுதியில் பரவலான புரோபோஃபால் போன்ற, விரைவில் தெளியவைக்கும் மயக்க மருந்துகளும் அவ்வளவு காரணம்.

முதலீட்டாளர் கவனிக்க வேண்டியது, மருத்துவம் முன்னேறிய நாளுக்கும் அதற்குப் பணம் கொடுக்க ஒருவர் முன்வந்த நாளுக்கும் இடையே உள்ள தூரம். அமெரிக்காவில் முதியோருக்கான அரசு காப்பீடான மெடிகேர், தனித்த அறுவை மையங்களுக்குக் கட்டணம் தரத் தொடங்கியது 1982-இல்தான். முழங்கால் மூட்டு மாற்றை உள்நோயாளியாக மட்டுமே செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாட்டை 2018-இல் நீக்கிய மெடிகேர், அதையே தனி மையத்தில் செய்தாலும் கட்டணம் உண்டு என்று 2020-இல்தான் ஒப்புக்கொண்டது. மருத்துவர்கள் செய்யக் கற்றுவிட்ட ஒன்று வருமானமாக மாறுவதற்கு இப்படிப் பல ஆண்டுகள் ஆகலாம்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஒரே அறுவைக்கு, மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவுக்குத் தரும் தொகையில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத்தான் மெடிகேர் தனி மையத்துக்குத் தருகிறது. ஆக, சிகிச்சை இடம்பெயரும்போது அதற்காகக் கைமாறும் பணம் சுருங்குகிறது. மீதமாகும் 40 சதவீதம் காப்பீட்டாளருக்கும், தன் பங்குக் கட்டணம் குறைவதால் நோயாளிக்கும் போகிறது. மையம் லாபம் காண வேண்டுமானால் அதன் செலவு அதைவிடவும் குறைய வேண்டும். இரவுப் பணியாளர்களும் அவசரப் பிரிவும் இல்லாததாலும், ஒரே வகை அறுவைகளை அடுத்தடுத்துச் செய்து அறையை வெகுவிரைவில் அடுத்த நோயாளிக்கு ஆயத்தப்படுத்த முடிவதாலும் நல்ல மையங்களில் அது குறையவும் செய்கிறது.

அந்த லாபமும் முழுவதுமாகப் பங்குதாரருக்கு வருவதில்லை. நோயாளி எங்கே போக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர் அறுவை மருத்துவர். அதனால் அவரையே மையத்தின் பங்காளியாகச் சேர்த்துக்கொள்வது இத்தொழிலில் வழக்கம். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: ஒரு மையத்தின் வருவாய் 100, லாபம் 20, அதில் நிறுவனத்தின் உரிமை 55 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பான்மை உரிமை இருப்பதால் 100-ஐயும் நிறுவனம் தன் வருவாயாகக் காட்டலாம். ஆனால் பங்குதாரருக்கு உரியது 11 மட்டுமே. ஆண்டறிக்கையில் 'கட்டுப்பாடற்ற பங்குதாரர்களுக்கு உரிய லாபம்' (அதாவது, இந்த மருத்துவர்களைப் போன்ற சிறுபான்மைப் பங்காளிகளுக்குப் போகும் பகுதி) என்று ஒரு வரி இருக்கும். பலர் கண்ணை ஓட்டிவிட்டுப் போகும் அந்த வரியை இத்துறையில் முதலில் படியுங்கள்.

மருத்துவமனைப் பங்குகளை விற்பது பற்றி: நீங்கள் நினைப்பதுபோல் இவை இரண்டு எதிரெதிர் அணிகளாக இல்லை. பெரிய மருத்துவமனைக் குழுமமான டெனட், 2015-இல் யுஎஸ்பிஐ என்ற அறுவை மைய நிறுவனத்தோடு கைகோத்து, பின்னர் தன் மருத்துவமனைகள் பலவற்றை விற்று, அந்தப் பக்கமே எடையைக் கூட்டிக்கொண்டது. காப்பீட்டு நிறுவனமான யுனைடெட்ஹெல்த் 2017-இல் சர்ஜிகல் கேர் அஃபிலியேட்ஸ் என்ற மைய நிறுவனத்தை வாங்கியது. செலவைக் குறைப்பதால் மீதமாகும் பணம் யாரிடம் சேர்கிறதோ, அவரே மையத்துக்கும் உரிமையாளர் ஆகிவிட்டார் என்பதால், இந்த இரண்டாவது நகர்வை நான் கூர்ந்து பார்க்கிறேன். உங்கள் கையில் உள்ள பங்கை விற்குமுன், அந்நிறுவனத்தின் லாபத்தில் எத்தனை பங்கு படுக்கைகளிலிருந்தும் எத்தனை பங்கு வெளிநோயாளிச் சிகிச்சையிலிருந்தும் வருகிறது என்று பாருங்கள். அந்த விவரத்தைப் பார்க்காமல் விற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: மையம் எதற்கு, இனி வீட்டிலிருந்தே சிகிச்சை என்கிறார்கள். தொலைமருத்துவ நிறுவனங்களில் இப்போதே நுழைந்துவிட்டால் முந்திக்கொள்ளலாம் அல்லவா?
– மென்பொருள் பொறியாளர்

பதில்: முந்திக்கொண்டவர்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். தொலைமருத்துவ நிறுவனமான டெலடாக் 2020-இல் லிவாங்கோ என்ற நிறுவனத்தை 1,850 கோடி டாலர் மதிப்பில் வாங்க ஒப்பந்தம் செய்தது. பெருந்தொற்றுக் காலத்தில் காணொளி வழியே மருத்துவரைப் பார்ப்பது உண்மையிலேயே பல மடங்கு பெருகியது. கணிப்பில் பிழை இல்லை. ஆனால் 2022-இல் அந்நிறுவனம் தன் கணக்குகளில் 1,300 கோடி டாலருக்கு மேல் மதிப்பிழப்பாகத் தள்ள நேர்ந்தது. போக்கைச் சரியாகக் கண்டவர்களும், அதற்குக் கொடுத்த விலை மிகையாக இருந்ததால் பணத்தை இழந்தார்கள். வால்மார்ட் போன்ற பணபலம் உள்ள நிறுவனமே தன் 51 மருத்துவ நிலையங்களையும் தொலைமருத்துவச் சேவையையும் மூடுவதாக 2024-இல் அறிவித்தது. கிடைக்கும் கட்டணம் போதவில்லை, நடத்தும் செலவு ஏறுகிறது என்பவையே அது சொன்ன காரணங்கள். ஒவ்வொரு கலந்தாய்வுக்கும் யார், எவ்வளவு, எத்தனை ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டணம் தருகிறார் என்பதை அறிக்கையில் காண முடியாத நிறுவனத்தை, அதன் வளர்ச்சி எவ்வளவு கவர்ந்தாலும், தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கே அறுவை நடந்தாலும் கருவிகள் வேண்டும். கருவி தயாரிப்பாளர்களின் பங்குகளை வாங்கிவிட்டால் கவலை இல்லைதானே?
– சிறுதொழில் முனைவோர்

பதில்: கவலை குறையும்; நீங்காது. மருத்துவர்களே உரிமையாளர்களாக உள்ள மையத்தில் ஒவ்வொரு செயற்கை மூட்டின் விலையும் அவர்களுடைய சொந்த லாபத்தைத் தொடுவதால், அங்கே பேரம் கடுமையாக இருக்கும். எண்ணிக்கை கூடும்போது விலை எவ்வளவு இறங்குகிறது என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: இருபது ஆண்டுகளாக அறுவை அரங்கில் செவிலியராக இருக்கிறேன். மாலைக்குள் அனுப்பியாக வேண்டும் என்ற அவசரம் எனக்கு அச்சம் தருகிறது. முதலீடு செய்வோர் இதையெல்லாம் எண்ணிப் பார்க்கிறார்களா?
– வாசகி

பதில்: எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன், அம்மா. மற்றவர்களின் கேள்விகளுக்கு அடியில் ஓடுவதும் உங்கள் கேள்விதான். பகல்நேர அறுவையின் நல்ல முடிவுகளுக்கு ஒரு பெரிய காரணம், இதயமும் நுரையீரலும் உறுதியாக உள்ளவர்களை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துச் செய்வது. வளர்ச்சிக் கணக்கைக் காட்ட வேண்டிய நெருக்கடியில் அந்தத் தேர்வு தளர்ந்தால், பாதிப்பு முதலில் நோயாளிக்கு, அடுத்து நிறுவனத்துக்கு.

இத்தகைய அச்சம் அரசின் விதிகளையும் அசைத்திருக்கிறது. உள்நோயாளியாக மட்டுமே செய்ய வேண்டிய சிகிச்சைகளின் பட்டியலையே மூன்று ஆண்டுகளில் ஒழித்துவிடுவது என்று முடிவு செய்த மெடிகேர் நிர்வாகம், 2021-இல் அதிலிருந்து 298 சிகிச்சைகளை நீக்கியது. நோயாளிகளின் பாதுகாப்பு குறித்த எதிர்ப்பு எழவே, 2022-க்கான விதிகளில் அவற்றில் ஏறத்தாழ அனைத்தையும் திரும்பச் சேர்த்தது. அதே திட்டம் 2026-க்கான விதிகளில் மீண்டும் வந்தது. இந்த ஊசலாட்டத்தைத் தாங்க நிறுவனத்துக்குக் கடன் குறைவாக இருக்க வேண்டும். மருத்துவமனைகளுக்கு மருத்துவர்களை அளித்துவந்ததோடு ஆம்சர்க் அறுவை மையங்களையும் வைத்திருந்த என்விஷன் நிறுவனத்தை, கேகேஆர் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம் 2018-இல் பெருங்கடனோடு வாங்கியது. நோயாளிகள் எதிர்பாராத கட்டணங்களைத் தடுக்கும் சட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது; என்விஷன் 2023-இல் திவால் பாதுகாப்பு கோரியது. அறுவை மையங்களில் நோயாளிகள் குறைந்ததால் வந்த வீழ்ச்சியன்று அது.

அமெரிக்க மையங்கள் மெடிகேருக்குத் தர வேண்டிய தர விவரங்களில், அறுவை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்கு மாற்றப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதும் ஒன்று. அந்த விகிதம் ஆண்டுக்காண்டு ஏறும் மையங்களை நடத்தும் நிறுவனத்தில், அதன் லாபம் எவ்வளவு உயர்ந்தாலும், நான் என் பணத்தை வைக்க மாட்டேன்.