பிள்ளைகளும் குறியீடுகளும்: வடிவமைப்பு புராஜெக்ட் பற்றிய கேள்வி பதில்

பள்ளிப் பிள்ளைகளுக்கு வடிவமைப்பைப் புராஜெக்ட் வழியாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து எனக்கு 14 வருடம் ஆகிறது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டு, மற்றதற்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

நான்காம் வகுப்பு டீச்சர். 'குறியீடுகள்' என்று தலைப்புக் கொடுத்தேன். எல்லாரும் சார்ட்டில் பத்துப் போக்குவரத்துக் குறிகளை ஒட்டி, கீழே பெயர் எழுதிக் கொண்டுவந்தார்கள். என்ன கற்றுக்கொண்டார்கள் என்று எனக்கே தெரியவில்லை. எங்கே ஆரம்பித்திருக்க வேண்டும்?

டீச்சர், வெறும் தலைப்பைக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் சேகரித்துக்கொண்டுதான் வரும், அவர்கள் மேல் தப்பில்லை. பள்ளிக்குள் தினமும் நடக்கிற ஒரு தொல்லையைக் கொடுங்கள். குழாயை மூடாமல் ஓடிவிடுகிறார்கள், எந்தத் தொட்டியில் எந்தக் குப்பை என்று தெரியவில்லை, புதிதாகச் சேர்ந்த சின்னக் குழந்தை கழிப்பறை எங்கே என்று தெரியாமல் அழுகிறது, இப்படி. அதில் ஒன்றைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். ஒரே நிபந்தனை, அவர்கள் வரையும் குறியில் ஓர் எழுத்துகூட வரக்கூடாது, ஏனென்றால் அதைப் பார்க்கப்போவது இன்னும் படிக்கத் தெரியாத குழந்தை.

அதற்கு முன்னால் ஒரு பீரியட் வேட்டைக்கு விடுங்கள். சட்டை லேபிள், கால்குலேட்டர், ரிமோட், மின்பெட்டி, மருந்து அட்டை எல்லாவற்றிலும் குறி இருக்கிறது. முப்பது சேர்ந்ததும் ஒவ்வொன்றையும் ஒரு சின்ன அட்டையில் வரைந்து தரையில் பரப்பி, "உங்கள் இஷ்டத்துக்குப் பிரியுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். முதலில் நிறம் பார்த்துப் பிரிப்பார்கள், அப்புறம் வட்டம் சதுரம் என்று பிரிப்பார்கள், கடைசியில் யாராவது ஒரு பிள்ளை "இது அந்தப் பொருள் மாதிரியே இருக்கு, இது இல்லை" என்று சொல்லும். சார்லஸ் பர்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: பொருளைப் போலவே இருப்பது, புகை நெருப்பைக் காட்டுவதுபோல ஒன்றைச் சுட்டுவது, கூட்டல் குறி போல எல்லாரும் ஒத்துக்கொண்டதால் மட்டுமே பொருள் தருவது. பிள்ளைகளிடம் பர்ஸ் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கணினியில் சேமிப்பதற்கு இருக்கும் ஐகானைக் காட்டி "இது என்ன பொருள்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஐகான் ஃபிளாப்பியின் படம், அந்தக் காலத்தில் கணினிக் கோப்புகளைச் சேமித்து வைத்த சதுரத் தட்டு. அதைக் கண்ணால் பார்த்திராத பிள்ளை அதைச் சரியாக அழுத்துகிறது. முதல் வகையில் பிறந்த ஒரு குறி நம் கண்முன்னே மூன்றாவது வகைக்கு நகர்ந்துவிட்டது, இதைப் பேச ஆரம்பித்தால் ஒரு பீரியட் போதாது.

சின்னம், குறியீடு, லோகோ மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகளுக்கு எழுதிப்போடலாமா?

எழுதிப்போட வேண்டாம். லோகோ 'நான் யார்' என்று சொல்கிறது, கழிப்பறைக் கதவில் இருக்கும் குறி 'இது என்ன, நீ என்ன செய்ய வேண்டும்' என்று சொல்கிறது. இந்த அளவு போதும்.

என் மகளுக்குப் படம் வரையவே வராது மேடம். இந்த மாதிரி புராஜெக்ட் என்றாலே அழுகிறாள். நாங்கள் வரைந்து கொடுத்துவிடுகிறோம்.

தயவுசெய்து வரைந்து கொடுக்காதீர்கள். டீச்சரிடமும் சொல்லுங்கள், பென்சிலுக்குப் பதிலாகக் கறுப்புக் காகிதமும் கத்தரிக்கோலும் கொடுத்தால் பாதி பயம் போய்விடும். கத்தரிக்கோலால் மூக்கு, பித்தான், கண் இமை எல்லாம் வெட்ட முடியாது, அதனால் எது தேவை எது தேவையில்லை என்பது தானாகவே தெரியவரும்.

இன்னொன்றும் உண்டு. 1920களில் வியன்னாவில் ஓட்டோ நியூரத் புள்ளிவிவரங்களைப் படக்குறிகளாக மாற்றிப் பொதுமக்களுக்குக் காட்டும் வேலையைத் தொடங்கினார், பின்னால் அதற்கு ஐசோடைப் என்று பெயர் வந்தது. அந்தக் குழுவில் குறிகளை வடித்துக் கொடுத்தவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஓவியர். ஆனால் எதைக் காட்டுவது, எதை விடுவது, எந்த வரிசையில் வைப்பது என்று முடிவு செய்தவர்களில் முக்கியமானவர் மாரி ரைடமைஸ்டர். அந்த வேலைக்கே 'மாற்றுபவர்' என்று தனிப் பெயர் வைத்திருந்தார்கள். உங்கள் மகள் குழுவில் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம். என் அனுபவத்தில் வரையத் தெரிந்த பிள்ளைகளைவிட இவர்கள்தான் நல்ல கேள்வி கேட்கிறார்கள்.

பிள்ளைகள் வரைந்தது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? எனக்கு ஓவியம் தெரியாது, நான் அறிவியல் ஆசிரியர்.

சார், நீங்கள் சொல்லவே கூடாது, அதுதான் இந்த வேலையின் உயிர். குறியைப் பார்த்தே இராத ஒருவர் சொல்ல வேண்டும், அறிவியல் ஆசிரியருக்குச் சோதனை நடத்தக் கற்றுத்தர வேண்டியதில்லை. பொதுக் குறிகளை முடிவு செய்யும்போது ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் முறையிலும் அப்படித்தான், மக்களிடம் காட்டி 'இது என்ன?' என்று கேட்டு, விடைகளை எண்ணுகிறார்கள்.

ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பில் நான்கு பேர் 'கை கழுவு' என்பதற்குக் குறி வரைந்தார்கள். இரண்டு உள்ளங்கைகள், மேலே மூன்று சொட்டுகள், சுத்தமான கோடு, எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டாம் வகுப்பிலிருந்து பத்துக் குழந்தைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். என் விதி ஒன்றுதான், வரைந்தவர்கள் பேசக்கூடாது. முதல் குழந்தை பார்த்துவிட்டு "கை தட்டணும்" என்றது. அடுத்தது "மழையில கை தட்டணும்". வரைந்த பையன் ஒருவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான், விளக்கிச் சொல்லிவிடத் துடிக்கிறான், கண்ணெல்லாம் ததும்புகிறது. பத்தில் இரண்டு பேர்தான் கழுவுவது என்று சொன்னார்கள்.

மறுநாள் குழாய் சேர்த்தார்கள். இப்போது "தண்ணி பிடிக்கணும்" என்றார்கள் குழந்தைகள். மூன்றாவது தடவை ஒரு கையை இன்னொரு கைமேல் சாய்த்து, சுற்றி ஐந்தாறு நுரைக் குமிழ் போட்டார்கள், வேறொரு பிரிவிலிருந்து பத்துப் பேரைக் கூப்பிட்டதில் எட்டுப் பேர் சரியாகச் சொன்னார்கள். தனக்கு விளங்குவது அடுத்தவருக்கு விளங்காமல் போகலாம் என்பதை அந்தப் பையன் இனி மறக்க மாட்டான், நான் பத்து நாள் பாடம் நடத்தியிருந்தாலும் அது அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை, எல்லாக் குறியும் பார்த்ததும் விளங்கியே ஆக வேண்டும் என்றில்லை. நோய்க் கிருமி போன்றவற்றால் ஆபத்து என்று எச்சரிக்கும் உயிரியல் ஆபத்துக் குறியை 1966இல் டவ் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தில் சார்லஸ் பால்ட்வினும் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கியபோது நேர் எதிராகத் தேடினார்கள்: யாருக்கும் எந்தப் பொருளையும் நினைவூட்டக் கூடாது, ஆனால் பார்த்தால் மறக்கக் கூடாது. அப்படிச் சோதித்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கு இது அருமையான விவாதம்.

ஆபத்து என்றால் எல்லாப் பிள்ளைகளும் மண்டையோடுதான் வரைகிறார்கள். விட்டுவிடலாமா?

விட்டுவிட்டுச் சின்னக் குழந்தைகளிடம் காட்டச் சொல்லுங்கள். "கடற்கொள்ளைக்காரன்!" என்று சந்தோஷமாகக் கத்தும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை இதே காரணத்துக்காக 1971இல் விஷப் பொருள்களுக்கு மண்டையோட்டை விட்டு, நாக்கைத் துருத்தி முகம் சுளிக்கும் பச்சை முகம் ஒன்றைக் கொண்டுவந்தது, மிஸ்டர் யக் என்று பெயர். பின்னால் செய்த ஆய்வுகளில் அந்த முகமும் சின்னக் குழந்தைகளைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. இந்தக் கதையை முழுவதுமாகச் சொல்லுங்கள், இரண்டாம் பாதியையும் சேர்த்து.

இணையத்தில் இருந்து அப்படியே எடுத்துவிடுகிறார்கள். எப்படித் தடுப்பது?

திரையைத் தொடுவதற்கு முன்னால் ஆளுக்கு எட்டுக் குட்டி வரைபடம், தீப்பெட்டி அளவில், இருபது நிமிடத்தில். முதல் மூன்றும் எல்லாருக்கும் ஒன்றுதான் வரும், ஐந்தாவதுக்கு மேல்தான் சொந்தச் சரக்கு வெளிவரும். ஆனால் சிலவற்றைக் காப்பி அடித்தே ஆக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் தடை, மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை, நீல வட்டம் கட்டாயம், பச்சை என்றால் பாதுகாப்பான வழி. இது இலக்கணம் மாதிரி. தடைக்கு ஒரு பிள்ளை புதுமையாகப் பச்சை வட்டம் போட்டால், யாராவது அதை அனுமதி என்று எடுத்துக்கொள்வார்கள்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்பதும் இதோடு சேர்ந்தது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரிவதில்லை. கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்துப் பார்த்தும் விளங்கினால் சரி.

மதிப்பெண் எப்படிப் போடுவது? குழுவில் ஒருவனே எல்லாம் செய்கிறான்.

கடைசிச் சார்ட்டுக்குக் குறைவாகப் போடுங்கள். முதல் வரைபடம், சோதனையில் வந்த விடைகள், மாற்றியது, ஏன் மாற்றினோம் என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் கையெழுத்தில் எழுதிய நான்கு வரி, இவற்றுக்கு அதிகம் போடுங்கள். வீட்டில் பெரியவர்கள் செய்து கொடுத்தால் அந்த நான்கு வரியில் தெரிந்துவிடும்.

எட்டாம் வகுப்பு படிக்கிறேன். நான் வரையும் குறியை உலகத்தில் யாராவது பயன்படுத்துவார்களா?

தம்பி, மறுசுழற்சிக்கு மூன்று அம்பு சுற்றுகிறதே, அதை 1970இல் ஒரு போட்டிக்காக வரைந்த கேரி ஆண்டர்சன் அப்போது 23 வயது மாணவர். லூயி பிரெயில், பார்வையற்றவர்கள் விரலால் தொட்டுப் படிக்கும் ஆறு புள்ளி முறையை 1824இல் உருவாக்கியபோது வயது 15, கிட்டத்தட்ட உன் வயசு. சக்கர நாற்காலிக் குறியை 1968இல் வரைந்த சுசான் கோஃபோட் என்பவரும் மாணவிதான். அவர் வரைந்ததில் நாற்காலி மட்டும் இருந்தது, தலை இல்லை. கார்ல் மோன்டான் என்பவர் மேலே ஒரு வட்டம் சேர்த்தார், உடனே அதில் மனிதர் வந்துவிட்டார். உன் வரைபடத்திலும் எங்கே அந்த வட்டம் குறைகிறது என்று பார்.

புராஜெக்ட் முடிந்ததும் அந்தச் சார்ட்டுகளை என்ன செய்கிறீர்கள்?

கண்காட்சியோடு மூட்டை கட்ட மாட்டேன். குழாய்க்கான குறி குழாய்ப் பக்கத்தில்தான் ஒட்டப்படும், அதுவும் பிள்ளைகள் கையாலேயே. ஒரு மாதம் கழித்து அதே குழு ஒரு இடைவேளை முழுக்க அங்கே நின்று எண்ண வேண்டும், எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் செய்தார்கள் என்று. மேலே சொன்ன கை கழுவும் குழு எண்ணியபோது சின்னப் பிள்ளைகளில் ஒருவர்கூடக் குறியைப் பார்க்கவில்லை. அந்தப் பையன் போய் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றைக் குழாய் முன்னால் நிற்கவைத்து, அதன் கண்ணுக்கு நேராகச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். குறி இருந்தது அதற்கு இரண்டடி மேலே. அன்றைக்கே கழற்றி அந்தக் கோட்டில் ஒட்டினார்கள்.