டேஷ்போர்டில் எரியும் விளக்கு என்ன சொல்கிறது? கார் கேள்வி பதில்

கேள்வி (நாமக்கல்): கார் எடுத்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஸ்டார்ட் செய்யும்போது பத்துப் பதினைந்து விளக்குகள் மொத்தமாக எரிந்து அணைகின்றன. இது சரிதானா? எதற்குப் பயப்பட வேண்டும்?

பதில்: சரிதான். வண்டி தன் விளக்குகளைத் தானே சோதித்துப் பார்க்கிறது. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு), ஏர்பேக் விளக்குகள் சில நொடிகளில் தாமாக அணையும். ஆயில், பேட்டரி, செக் இன்ஜின் மூன்றும் இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகே அணையும்.

நிறத்தை வைத்து அவசரத்தைப் புரிந்துகொள்ளலாம். சிவப்பு வந்தால் ஓரங்கட்ட வேண்டும். மஞ்சள் வந்தால் ஓட்டலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது. பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்ற தகவல் மட்டுமே. மஞ்சளில் ஒரே ஒரு விதிவிலக்கு, மினுக்கும் செக் இன்ஜின் விளக்கு. அதைச் சிவப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் கீழே வேறொரு கேள்வியில் வருகிறது.

பழைய கார் பார்க்கப் போகிறவர்களும் இந்தச் சோதனையைச் செய்யலாம். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பாருங்கள். ஏர்பேக் விளக்கோ செக் இன்ஜின் விளக்கோ எரியவே இல்லை என்றால், பழுதை மறைக்க யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். எரியும் விளக்கைவிட எரியாத விளக்குதான் அங்கே சந்தேகத்துக்குரியது.

கேள்வி (மதுரை): ஆயில் அளவு சரியாக இருக்கிறது. ஆனால் சிக்னலில் நிற்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு மினுக்குகிறது, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் அணைகிறது. சென்சார் போயிருக்கும், விட்டுவிடலாம் என்கிறார்கள். விடலாமா சார்?

பதில்: விடக் கூடாது. அந்த விளக்கு பார்ப்பது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. இன்ஜின் வேகம் குறைந்தால் ஆயில் பம்பும் மெதுவாகச் சுற்றும். வண்டி சூடானால் ஆயில் இளகும். இரண்டும் ஒன்றுசேரும் இடம் சிக்னல். அதனால்தான் அங்கே மினுக்குகிறது.

சென்சாராகவும் இருக்கலாம், விலை குறைந்த பொருள்தான். ஆனால் அப்படி முடிவு செய்வதற்கு முன் அந்த சென்சாரைக் கழற்றி, அதே துளையில் அழுத்தமானியை மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அழுத்தம் சரியாக இருந்தால் சென்சாரை மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். குறைவாக இருந்தால் ஆயில் கிரேடு தவறா, ஆயில் மாற்றாமல் விட்டதால் சேர்ந்த கசடு பம்பின் வடிகட்டியை அடைத்திருக்கிறதா, பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். "கெட்டியான ஆயில் ஊற்றினால் அணைந்துவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விளக்கு அணையும், தேய்மானம் நிற்காது.

ஓடும்போது இந்த விளக்கு அணையாமல் எரிந்தால் அடுத்த பங்க் வரைகூடப் போக வேண்டாம். உடனே இன்ஜினை அணைத்து, சமதளத்தில் ஐந்து பத்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) பாருங்கள். அளவு சரியாக இருந்தும் எரிந்தது என்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துப் போவதுதான் மலிவு.

கேள்வி (சேலம்): பேட்டரி புதிது, ஆனாலும் பேட்டரி விளக்கு எரிகிறது.

பதில்: அது பேட்டரியைப் பற்றிய விளக்கு அல்ல, சார்ஜ் ஏறவில்லை என்று சொல்லும் விளக்கு. மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வையுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் அருகிலும், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரையும் காட்ட வேண்டும். ஓடும்போதும் 12-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாகம்), அதன் வயர், பெல்ட் மூன்றில் ஒன்று. முதலில் பெல்ட்டைப் பாருங்கள். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. அது அறுந்திருந்தால் சில நிமிடங்களில் இன்ஜின் கொதிக்கும்.

கேள்வி (சென்னை): டிராஃபிக்கில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, பைபாஸில் இறங்கிவிடுகிறது. கூலன்ட் மாற்றியாயிற்று.

பதில்: வேகமாகப் போனால் காற்று தானே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நின்றால் ஃபேன்தான் கதி. ஆகவே சந்தேகம் ஃபேன் மீது. பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் உடனே ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் டெம்பரேச்சர் சென்சார். உங்கள் நிலைமைக்கு நேர்மாறாக, பைபாஸில் ஏறி ஊருக்குள் சரியாக இருந்தால் தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), அடைத்த ரேடியேட்டர், வாட்டர் பம்ப்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அந்த முள் முழு உண்மையைச் சொல்வதில்லை. வெப்பம் சுமார் 80 டிகிரியிலிருந்து 105 வரை மாறினாலும் பல வண்டிகளில் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள், ஓட்டுபவர் வீணாகப் பதறக் கூடாது என்று. அதனால் முள் நடுவைத் தாண்டி நகர்ந்தாலே விஷயம் பெரிது. கொதித்துக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். கூலன்ட் முழுவதும் வெளியேறி, சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது என்று அர்த்தம்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 120 டிகிரி அருகிலும் அது கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகிய கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். ஓரங்கட்ட இடம் கிடைக்கும் வரை ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஜன்னலை இறக்கிக்கொண்டு போகலாம். ஹீட்டர் சிறிய ரேடியேட்டர் போலச் சூட்டை இழுக்கும். போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், உள்ளே உப்பு படியும்.

கேள்வி (திருப்பூர்): செக் இன்ஜின் விளக்கு வந்தது. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினார்கள், போய்விட்டது. நான்கு நாளில் மறுபடி வந்துவிட்டது.

பதில்: பழுது அப்படியே இருக்கிறது, அதைப் பற்றிய குறிப்பைத்தான் அழித்திருக்கிறார்கள். பழுது எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் வந்தது என்ற பதிவும் கூடவே போய்விட்டது. கண்டுபிடிக்க அதுதான் பெரிய உதவி.

ஸ்டீயரிங்குக்குக் கீழே பழுதைப் படிப்பதற்கான, 16 முனைகள் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். புளூடூத் ஸ்கேனரை அதில் செருகி, ஃபோனில் கோடு, அதாவது பழுதின் குறியீட்டு எண் படிக்கலாம். ஆனால் கோடு சொல்வது அறிகுறியை, மாற்ற வேண்டிய பாகத்தை அல்ல. பி 0420 வந்தால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். அதை நம்பி விலை உயர்ந்த கன்வெர்ட்டரை மாற்றிவிட்டு, கடைசியில் சைலன்சர் குழாயில் கசிவு என்று தெரியவந்தால் என்ன செய்வது? பி 0301 வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை முதல் சிலிண்டரிலிருந்து இரண்டாவதில் மாற்றி மாட்டி, கோடை அழித்து ஓட்டுங்கள். இப்போது பி 0302 வந்தால் குற்றவாளி காயில். மறுபடி 0301-ஏ வந்தால் அந்த சிலிண்டரின் ஸ்பார்க் பிளக், அடுத்து இன்ஜெக்டர்.

விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். மினுக்கினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியே போய்க் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது, சில கிலோமீட்டரிலேயே அதை உருக்கிவிடும். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடம் வந்ததும் நிறுத்துங்கள்.

கேள்வி (கோவை): பிஎஸ்6 டீசல் கார். ஆபீஸ் 4 கிலோமீட்டர். டிபிஎஃப் விளக்கு அடிக்கடி வருகிறது.

பதில்: 4 கிலோமீட்டர்தான் காரணம். டிபிஎஃப் என்பது புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி. அதில் சேரும் கரியை வண்டி சுமார் 600 டிகிரி சூட்டில் தானே எரித்துக்கொள்ளும். அந்தச் சூடு ஏறுவதற்குள் நீங்கள் ஆபீஸ் போய்ச் சேர்ந்துவிடுகிறீர்கள். விளக்கு வந்தால் அவினாசி ரோடு நெரிசலில் உருட்டிப் பயனில்லை. பைபாஸுக்குப் போய், 60-க்குக் குறையாமல், 2000 ஆர்பிஎம் ஒட்டி 15–25 நிமிடம் ஓட்டுங்கள். விளக்கு அணையும் வரை இன்ஜினை நிறுத்த வேண்டாம். டீசல் ரிசர்வில் இருந்தால் பல வண்டிகள் இந்த வேலையைத் தொடங்கவே தொடங்காது.

பாதியில் அணைத்து அணைத்து ஓட்டினால் எரிப்பதற்காகத் தெளித்த டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது, உடனே ஆயிலை மாற்றுங்கள். தினமும் 4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு டீசல் கார் எடுத்ததே பொருத்தமில்லை என்பது என் கருத்து, அதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது!

கேள்வி (திருச்சி): மலைப்பாதை வளைவில் மட்டும் ஹேண்ட்பிரேக் விளக்கு எரிந்து அணைகிறது. ஹேண்ட்பிரேக் இறக்கித்தான் இருக்கிறது.

பதில்: அதே விளக்குதான் பிரேக் ஆயில் குறைவையும் காட்டும். டப்பாவில் அளவு குறைந்தபட்சக் கோட்டை ஒட்டி இருக்கிறது, வளைவில் ஆயில் ஒருபக்கம் சாய்ந்ததும் மிதவை இறங்குகிறது. வெறுமனே ஊற்றி நிரப்பிவிடாதீர்கள். பேட் தேயத் தேய ஆயில் அளவு இறங்குவது இயல்பு. பேட் நன்றாக இருந்தும் குறைந்தால் எங்கோ கசிவு. இந்தச் சிவப்பு விளக்கோடு ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். திடீர் பிரேக்கில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

கேள்வி (தஞ்சாவூர்): மீட்டர் 100 காட்டும்போது ஃபோன் ஜிபிஎஸ் 94 காட்டுகிறது. எது சரி? 80 தாண்டினால் வண்டி கத்துவதை நிறுத்த முடியுமா?

பதில்: ஜிபிஎஸ். மீட்டரை வேண்டுமென்றே கூட்டிக் காட்டும்படி வைக்கிறார்கள். ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிப்படி, மீட்டர் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது. மேலே, உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதனுடன் 4 கிலோமீட்டரும் கூடலாம். உண்மையில் 80-இல் போனால் 92 வரை காட்ட அனுமதி. டயரை 185/65 ஆர்15-லிருந்து 195/65 ஆர்15-க்கு மாற்றினால் சுற்றளவு 2 சதவீதம் கூடும், அந்த அளவுக்கு மீட்டர் குறைத்துக் காட்டும்.

80-இல் விட்டுவிட்டும் 120-க்கு மேல் விடாமலும் அடிக்கும் ஒலி, 2019 ஜூலை முதல் நம் நாட்டில் புதிய கார்களுக்குக் கட்டாயம். நிறுத்தும் வழியைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி (காரைக்குடி): காலையில் டயர் விளக்கு வருகிறது, பத்து கிலோமீட்டர் போனால் அணைந்துவிடுகிறது அண்ணா.

பதில்: காற்று குறைவாகத்தான் இருக்கிறது தம்பி. ஓடினால் டயர் சூடாகி அழுத்தம் ஏறுகிறது, 10 டிகிரிக்கு ஒன்றரை பிஎஸ்ஐக்குக் குறையாது. டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடி. சக்கர வேகத்தை வைத்துக் காற்றைக் கணிக்கும் வகை என்றால் காற்று பிடித்த பிறகு ரீசெட் செய்யாவிட்டால் தவறாகவே காட்டும். ஒரு நிமிடம் மினுக்கிவிட்டு நிலையாக எரிந்தால் பழுது சென்சாரில்.

கேள்வி (நாகர்கோவில்): மழையில் கண்ணாடி மங்குகிறது. ஏசி போட்டால் சில நாள் தெளிகிறது, சில நாள் இன்னும் மங்குகிறது!

பதில்: வைப்பரை ஒருமுறை ஓடவிடுங்கள். துடைத்துக்கொண்டு போனால் பனி வெளியே. கண்ணாடி அதிகம் குளிர்ந்துவிட்டது, வெப்பநிலையை இரண்டு மூன்று டிகிரி கூட்டி, காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்புங்கள். போகாவிட்டால் பனி உள்ளே. வளைந்த அம்புக்குறி உள்ள பட்டனை அணைத்து வெளிக்காற்றை விட்டு, ஏசியோடு கண்ணாடிக்குத் திருப்புங்கள். அந்தப் பட்டன் போட்டிருந்தால் உள்ளே இருப்பவர்களின் மூச்சு ஈரமே சுற்றிச்சுற்றி வரும்.

கேள்வி (வேலூர்): ரிமோட் பேட்டரி தீர்ந்தால் புஷ் பட்டன் காரை எப்படித் திறப்பது, எப்படி ஸ்டார்ட் செய்வது?

பதில்: ரிமோட்டுக்குள் சிறிய இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், அதை இழுத்து ஓட்டுநர் கதவைத் திறங்கள். உள்ளே போய், பிரேக்கை மிதித்துக்கொண்டு, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனில் ஒட்டிவைத்து அழுத்துங்கள். சில வண்டிகளில் ரிமோட்டை வைக்க வேறு இடம் இருக்கும், கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை. பெரும்பாலும் சிஆர் 2032 பேட்டரிதான், வாட்ச் கடையில் கிடைக்கும்.