பனங்காட்டை அடமானம் வைக்காதீங்க அண்ணாச்சி, புள்ள மண்ணைப் படிக்கட்டும்

சாத்தான்குளம் பக்கத்துல இருந்து ஒரு அண்ணாச்சி போன் பண்ணுனாரு. பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டா, மண்ணு பாறையைப் பத்துன ஜியாலஜிதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கா, சென்னையில இருக்க பெரியப்பா மேனேஜ்மென்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு பேசி வச்சிட்டாரு, பனங்காட்டை அடமானம் வச்சா பணம் ரெடி, நீங்க கொஞ்சம் அவளுக்குப் புத்தி சொல்லுங்கன்னாரு. கவலைப்படாதீங்க பேசிப் பாக்கலாம்னுதான் நானும் ஆரம்பிச்சேன், ஆனா பனங்காடுன்னு காதுல விழுந்ததும் புத்தி சொல்ல வேண்டியது அவளுக்கு இல்லன்னு புரிஞ்சு போச்சு.

ஏன் அந்தப் படிப்புன்னு கேட்டா, ஊர்ப்பக்கம் தேரின்னு சொல்ற செம்மணல் மேட்டுல பொறுக்குன சில்லுக்கல்லு ஆதி மனுஷன் செஞ்ச கருவின்னு டீச்சர் சொன்னாங்களாம், அன்னையில இருந்து இந்த செம்மண் எப்ப வந்து குவிஞ்சுதுன்னே கேட்டுட்டு இருக்காளாம். அண்ணாச்சி, இது கிறுக்கு இல்ல, காத்து கொட்டுன மண்ணை வச்சு பழைய காலத்தைப் படிக்க இதுக்குன்னே ஒரு துறை இருக்கு.

சீனாவுல மஞ்சள் ஆறு ஓடுற பக்கம் லோயஸ்னு ஒரு மண்ணு, பாலைவனத்துல இருந்து காத்து அடிச்சிட்டு வந்து கொட்டுன மாவு மாதிரி பொடி, சில எடத்துல 300 மீட்டருக்கு மேல கனம், சுமார் 26 லட்சம் வருஷமா சேர்ந்தது. குளிரும் வறட்சியுமா இருந்த காலத்துல மஞ்சள் தூசி அடுக்கு, பருவமழை நல்லா பெஞ்ச காலத்துல அதே தூசி மேல செடி கொடி மொளைச்சு செவந்த மண் அடுக்கு, இப்படி மாத்தி மாத்தி 30 ஜோடிக்கு மேல. செவப்பு அடுக்குல காந்தத் தன்மை கூட இருக்கும், அதை அளந்தாலே மழை கூடுன காலம் குறைஞ்ச காலம் தெரிஞ்சிரும். 1982ல லியூ துங்ஷெங், ஹெல்லர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க, பூமியோட காந்தம் வடக்கு தெக்கா புரண்ட காலத்தை அங்க லுவோச்சுவான்ங்கிற எடத்து மண்ணுல கண்டுபுடிச்சு வயசு கட்டுனாங்க. (அந்த மண்ணைக் குடைஞ்சுதான் சனங்க வீடு கட்டி இருந்தாங்க, 1556 பூகம்பத்துல 8 லட்சம் பேருக்கு மேல செத்ததா பதிவு இருக்கு, மண்ணைத் தெரிஞ்சுக்கிறது வெட்டி வேலைன்னு சொல்றவங்களுக்காக சொல்றேன்.) நம்ம நாட்டுல காஷ்மீர் கரேவா மேட்டுலயும் லோயஸ் இருக்கு, பாம்பூர் குங்குமப்பூ விளையுற மேடுதான்.

வயசு கட்டுற வேலையில இன்னொன்னு இருக்கு, அதுதான் உங்க பொண்ணுக்குப் புடிக்கும். மணல் துகள்மேல வெயில் பட்டா அதோட கடிகாரம் ஜீரோ ஆயிரும், மூடிக்கிட்டா சுத்தி இருக்க யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தோட கதிர்வீச்சை உள்ள சேர்த்துக்கிட்டே இருக்கும். வெளிச்சம் படாம இரும்புக் குழாயை அடிச்சு எறக்கி மண்ணெடுத்து, மங்கலான செவப்பு விளக்குல சுத்தம் பண்ணி, லேப்ல ஒளி பாய்ச்சுனா அது மினுங்கும், அந்த மினுக்கத்தை அளந்து, ஒரு வருஷத்துக்கு எவ்வளவு கதிர்வீச்சு சேரும்னு வகுத்தா வயசு. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்து ஆளுங்களும் சேர்ந்துதான் சென்னைக்குப் பக்கத்துல அத்திரம்பாக்கம் கல்கருவிக்கு 3,85,000 வருஷம்னு வயசு கட்டி 2018ல நேச்சர் பத்திரிகையில போட்டாங்க. தேரி லோயஸ் இல்ல, அது மணல், ஆனா காத்து கொட்டுனதுதான், வித்தையும் அதேதான்.

இப்ப காசு கணக்கு. தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியிலயே ஜியாலஜி இருக்கு, வீட்டுல இருந்து பஸ்ல போலாம், அடமானம் எதுக்கு? அப்புறம் ஜாம்னு ஒரு நுழைவுப் பரீட்சை எழுதுனா ஐ.ஐ.டி.யில எம்.எஸ்சி., நெட்டுன்னு தேசிய தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப்.ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கெடைச்சா ஆராய்ச்சி பண்ற பிள்ளைக்கு மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஆராய்ச்சி வேண்டாம்னு தோணுனா யூ.பி.எஸ்.சி. நடத்துற ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு எழுதி ஜியாலஜிக்கல் சர்வேக்கோ மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கோ போலாம். ஒன்னு ஒளிக்காம சொல்லிறேன், வெறும் மண்ணு வயசை மட்டும் நம்பி வேலை கொஞ்சம்தான், டாக்டர் பட்டம் வரை பத்து வருஷம் ஆகும், வெயில்ல மலை ஏறணும், பிசிக்ஸ் புடிக்கலன்னா அங்க தாக்குப்புடிக்க முடியாது. உங்க பொண்ணு பிசிக்ஸ்ல நல்ல மார்க்கு, கம்ப்யூட்டர் பக்கம் எட்டிக்கூட பாக்கலன்னு நீங்களே சொன்னீங்க. புடிக்காத படிப்புக்கு நிலத்தை வச்சு, நாலு வருஷம் கழிச்சு வட்டி கட்டப் போறது பெரியப்பாவா?

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "அவர்ட்ட நான் என்னன்னு சொல்ல"ன்னு கேட்டாரு. என் நம்பரைக் குடுத்துருங்க, நான் பேசிக்கிறேன்னேன். தூத்துக்குடி காலேஜுக்கு அப்ளிகேஷன் ஃபாரம் வாங்கப் போறப்ப அவளையும் கூட்டிட்டுப் போகச் சொன்னேன், தேரியில எடுத்த அந்த சில்லுக்கல்லையும் கையில கொண்டு போகச் சொல்லியிருக்கேன், டிபார்ட்மென்ட்ல யார்கிட்டயாவது காட்டட்டும்.