மாத்திரை வேலை செய்யும்போதும் விழுகிறாரா?

தண்டையார்பேட்டையில் இருக்கும் உங்கள் அப்பாவுக்குப் பல வருடமாகப் பார்க்கின்சன், இப்போது அடிக்கடி விழுகிறார், மூளைக்குள் மின்முனை வைக்கும் டிபிஎஸ் செய்தால் அது நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எப்போது விழுகிறார் என்று கவனியுங்கள், எல்லாமே அதில்தான் இருக்கிறது. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையின் வேகம் இறங்கிய நேரத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு விழுந்தால் டிபிஎஸ் உதவ வாய்ப்பு உண்டு. மாத்திரை நன்றாக வேலை செய்யும்போதும் விழுந்தால் பெரும்பாலும் உதவாது. பொதுவாக மாத்திரை எதைச் சரிசெய்கிறதோ அதைத்தான் இதுவும் சரிசெய்யும். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு, மாத்திரைக்கு அடங்காத நடுக்கமும் இதில் குறையலாம். பேச்சுக் குழறல் சிலருக்குக் கூடிவிடும், அதையும் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

மாத்திரை போட்ட நேரம், விழுந்த நேரம் இரண்டையும் நோட்டில் எழுதி, ஸ்டான்லி நரம்பியல் பிரிவிலோ இப்போது பார்க்கும் டாக்டரிடமோ காட்டுங்கள். மாத்திரைக்கு முன்னும் பின்னும் நடக்கவைத்துப் பார்க்கும் சோதனை, நினைவாற்றல் சோதனை இரண்டும் முடியாமல் ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள். வீட்டில் நீங்களாக மாத்திரையை நிறுத்திப் பார்க்கவே வேண்டாம்.

அப்புறம், கருவி வைத்தபின் மூட்டுவலிக்கு பிசியோதெரபி போனால் டயாதெர்மி என்ற, உடலுக்குள் சூடேற்றும் சிகிச்சையை வைக்கவே கூடாது. மின்முனை சூடாகி மூளையைப் பாதிக்கும்.